உலைச் சூட்டில் குளிர்ச்சி கேட்ட எஸ்தர்

எங்கள் பழைய தங்கச்சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் காலை ரயிலுக்குக் காத்திருந்தபோது எஸ்தரின் தம்பி போன் செய்தான். "அக்கா, எங்கக்கா பூட்டாங்க" என்றான். தூக்கத்திலேயே மாரடைப்பாம். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

சபையில் அவளைப் பார்த்தவர்களுக்கு அவள் சாதுவான எஸ்தர். ஐயோ, என்னைக் கேளுங்கள்! பெங்களூர்ப் பக்கத்து வார்ப்படத் தொழிற்சாலையில் அவள் மேசையும் என் மேசையும் அடுத்தடுத்து. ரயிலில் ஜன்னலோரத்துக்குக்கூட என்னோடு சண்டை போடுவாள். நானும் லேசில் விடமாட்டேன்.

உலையின் புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் சூட்டை வைத்தே குளிர்ச்சி உண்டாக்கும் இயந்திரத்தை நாங்கள் இருவரும்தான் நிறுவினோம். உள்ளே இருப்பது சிலிக்கா ஜெல், புதுச் செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலமாகப் போட்டுத் தருவார்களே, அந்த மணிகள். காற்றில்லாத தொட்டியில் தண்ணீர் ஆவியாகும். மணிகள் ஆவியை உறிஞ்ச உறிஞ்ச, மிச்சத் தண்ணீர் சில்லிடும், அதைக்கொண்டு காற்றைக் குளிரவைக்கலாம். உலைச் சூடு மணிகளைக் காயவைத்து மறுபடி தயாராக்கும்.

குளிர்ந்த காற்று அலுவலகத்துக்குப் போகட்டும் என்றார் மேனேஜர். எஸ்தருக்குக் கோபம் வந்தால் கன்னடம் மறந்துபோகும். "இன்னா சார் பேசறீங்க? எங்கப்பா மைன்ஸ்ல இருந்தப்போ, குளிர்காத்த ஷாஃப்ட் வழியா அடி லெவலுக்குத்தான் அனுப்பினாங்க. வேகறவனுக்குத்தான் சார் காத்து வேணும்!" நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், அவ்வளவுதான்.

உலையடியில் முதன்முதலாகக் குளிர்காற்று வந்தபோது, உலைக்காரர் ரஹீம் "மேடம், சால்வ கொண்டாரட்டா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். எஸ்தர் அழுதாள். கேட்டதற்கு வியர்வை என்று சாதித்தாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். புது மீட்டிங் ஹாலுக்கு அந்தக் காற்றைத் திருப்பிவிட வேண்டுமாம். "எஸ்தர் இருந்தா சண்டைக்கு வருவாங்க. நீங்க, சொன்னா புரிஞ்சுக்கறவங்க" என்றார்.

"முடியாது சார்" என்றேன். அத்தோடு நிறுத்தவில்லை, உலையடியில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இவர்களில் யாருக்கு நிறுத்தட்டும் என்று கேட்டேன். கடைசியில் அவர் கையை உதறிவிட்டு, "சரி, விடுங்க" என்றார்.

எஸ்தரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தச் சண்டைக் குணம்தான். இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அன்று ஜெயித்துவிட்டு மேசைக்குத் திரும்பியபோது, "நல்லா கேட்டடி" என்று சொல்ல ஒருத்தி இல்லை.