மாதா முதுகு காட்டிய நாள்

திரினி வீட்டைக் காலி செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் பக்கத்தில் செவ்வாயன்று கல்யாணமும் வைக்கமாட்டார்கள், கப்பலும் ஏறமாட்டார்கள். வீட்டை வாங்கியவனின் வக்கீல் குறித்த நாள் அது. ஒரே ஒரு நாள் தள்ளி, புதன்கிழமை போகிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"எல்லா நாளும் ஒண்ணுதாம்மா" என்றாராம் அவர்.

"எல்லா நாளும் ஒண்ணுன்னா புதன்கிழமை உனக்கு என்னடா கேடு?" என்று அவள் போனில் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிப்ரவரி மாதம். கப்பல் சமையலறைகளில் வேலை செய்துகொண்டு பல வருஷம் சுற்றிவிட்டு, அதற்கு முந்தைய வாரம்தான் நான் எங்கள் மலாகா நகரத்துக்குத் திரும்பியிருந்தேன். பெத்ரெகாலேஹோ மீனவர் குடியிருப்பில், கடலைப் பார்த்த அந்த ஒற்றை மாடி வீடுகளின் வரிசையில், எங்கள் வீடு திரினி வீட்டுக்கு மூன்றாவது. பயணப் பையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. அதற்குள் அவளுடைய கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மறுமுனையில் சானோ. திரினியின் இறந்துபோன கணவன் பெர்னபேயின் தம்பி. மீன் ஏற்றுகிற அவனுடைய வேனைத்தான் கழுவிக் கொண்டுவந்திருந்தான். கழுவியும் நெத்திலி வாடை போகவில்லை.

"என் மெத்தை நாறப்போகுது."

"நீங்க நாப்பது வருஷமா மீன் பொரிக்கிறீங்க அண்ணி. மெத்தைதான் என் வேனை நாறடிக்கப் போகுது."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த வாணலியால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு வாசலில் நின்று, உள்ளே யாரோ இருப்பதைப் போல, "நான் போறேன்!" என்று கத்திவிட்டு வேனில் ஏறினாள்.

அந்த வீட்டின் முன்னறையில்தான் அவள் பிறந்தாள். வெளியே கீழைக்காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்ததால் மருத்துவச்சி வந்து சேரவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த அவள் அப்பாவே கத்தியைச் சுட்டு, தொப்புள்கொடியை அறுத்தாராம். "பிறந்தப்பவே காத்தைவிடச் சத்தமா கத்துனேன்" என்று அவளே பெருமையாகச் சொல்வாள். வாடகை வீடுதான். ஆனால் வீட்டுக்காரக் கிழவர் ஊருக்குள் இருந்தார், கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு பெட்டி இறால் வாங்கிப் போவார், மற்றபடி தலைகாட்டமாட்டார். அவர் செத்ததும் மருமகப்பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவன் யாரென்று இன்றுவரை தெருவில் யாருக்கும் தெரியாது. வக்கீலை மட்டும்தான் தெரியும்.

திரினிக்குக் கோபம்தான் பேச்சு. மத்தி மீனைக் கொத்திக்கொண்டு போகிற கடற்காக்கையைக் குடும்பப் பெயர் சொல்லித் திட்டுவாள். பூசையைச் சீக்கிரம் முடிக்கும் பாதிரியாரை நடுத்தெருவில் நிறுத்தி, "எந்தப் பந்தாட்டம் பாக்கப் போறீங்க சாமி?" என்பாள். எனக்கு ஏழு வயதில் அலைத்தடுப்புப் பாறையிலிருந்து வழுக்கி விழுந்தேன். கரையில் நின்றவர்கள் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டிருந்தபோது, சமையல் ஏப்ரனோடு குதித்து என்னை இழுத்துப் போட்டவள் அவள். நான் குடித்த தண்ணீரைக் கக்கி முடிப்பதற்குள் இரண்டு கன்னத்திலும் அறைந்துவிட்டாள். எங்கள் அம்மாவுக்கு அவள்மேல் அன்றிலிருந்து இருந்த மரியாதை சாகும்வரை குறையவில்லை.

அவள் குடிபோன இடம் நகரத்தின் மறுகோடி. ரயில் பாதைக்கு அப்பால், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் டயர் கடை. இரண்டு பஸ் மாறித்தான் எங்கள் தெருவுக்கு வரமுடியும். கடற்கரைக் கடையில் மீன் பொரிக்கும் வேலையையும் விட்டாள். கடைசி பஸ்ஸுக்காகப் பாதி வேலையில் ஓடுகிறவளை எந்தக் கடையும் வைத்துக்கொள்ளாது.

வசந்தம் முடிவதற்குள் வீட்டுக்குப் புது வெள்ளை அடித்துவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் எண் பூட்டுப் போட்ட சின்னச் சாவிப் பெட்டி. எத்தனையோ துறைமுக ஊர்களில் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன்; அது வந்த கதவைத் தட்டினால் ஊர்க்காரர் திறக்கமாட்டார். சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் விளம்பரத்தை என் போனில் திரினிக்குக் காட்டினேன். 'அமைதியான கடலோரக் குடியிருப்பு' என்று போட்டிருந்தது.

"அமைதியா? நான் போனப்புறம்தானே அமைதி!" என்று பஸ் நிலையத்தில் நின்று அவள் கத்தியதில் ஒரு குழந்தை அழுதது.

ஜூலை பதினாறு வந்தது. கார்மேல் மாதா திருநாள்.

அன்று மாதாவின் சப்பரம் கோயிலிலிருந்து புறப்பட்டு, பஸ் ஓடும் மேல் சாலை வழியாக வந்து, கடற்கரை நடைபாதைக்கு இறங்கி, எங்கள் வீடுகளின் முன்னால் போய், கடைசியில் படகேறும். எந்த வீட்டிலாவது படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால், அல்லது அந்த வருஷம் ஒரு சாவு விழுந்திருந்தால், அந்த வாசலில் சப்பரத்தை நிறுத்தி, மாதாவின் முகத்தை வீட்டைப் பார்த்துத் திருப்புவார்கள். தூக்குகிறவர்களுக்குச் சப்பரத்து மணியைச் சுத்தியலால் அடித்துக் கட்டளை சொல்பவன் சானோ. முன் தண்டில் இடது தோள் கொடுத்தவன் பெர்னபே. அவன் நுரையீரல் கெட்டுப் படுத்த வருஷம் திரினி வீட்டுக்குத் திருப்பினார்கள். அடுத்த வருஷம் அவன் இல்லை, அப்போதும் திருப்பினார்கள். அதற்கப்புறமும் ஒவ்வொரு வருஷமும் திருப்பினார்கள். போதும் என்று சொல்ல யாருக்கும் மனசும் வரவில்லை, திரினியிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை.

இந்த வருஷம்?

"சானோகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா அத்தை?" என்று கேட்டேன். அவளைக் கூட்டி வர நான்தான் போயிருந்தேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீலப் பூப்போட்ட உடை, கல்யாணத்தில் போட்ட பவளத் தோடு.

"கேட்டு வாங்குறதுக்கு இது என்ன மீனாடி? அவங்களுக்காத் தெரியணும்." தோட்டைத் திருகிச் சரிசெய்தாள். "என் பக்கம் திரும்பினா நான் இன்னும் அந்தத் தெருக்காரி. திரும்பலேன்னா பஸ்ல வந்த கூட்டத்துல ஒருத்தி. அவ்வளவுதான் கணக்கு. நீ வாயைத் தொறந்தே, உன்னை மறுபடி தண்ணியில தள்ளுவேன்."

எங்கள் நடைபாதை குறுகியது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கடற்சுவர். அவள் வாசலில் அவளால் நிற்கமுடியாது. அங்கே ஈரத் துண்டுகளோடு வட தேசங்களிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் நாலு பேர் நாற்காலி போட்டிருந்தார்கள், கையில் குளிர்ந்த ஒயின். எனவே எதிர்ப்பக்கம், கடற்சுவரில் முதுகைச் சாய்த்து, நேராக அந்த வாசலைப் பார்த்து நின்றாள். பழைய ஆட்கள் வந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "டயர் மாதிரி இருக்கேன்" என்றாள்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது சப்பரம் வந்தது. வெள்ளைச் சட்டை, வெறுங்கால், தண்டுக்குக் கீழே குனிந்த தலைகள். தண்டுக்குள் இருப்பவனுக்கு முன்னால் போகிறவனின் பிடரி மட்டும்தான் தெரியும். அவள் வீட்டுக்கு நேராக வந்ததும் சானோ மணியை அடித்தான். சப்பரம் நின்றது. திரினியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

மறந்துவிடவில்லை. முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள் என்பது சானோவின் முகத்தில் தெரிந்தது. அண்ணிக்கு ஆச்சரியம் கொடுக்கப்போகிற பெருமை. "பெர்னபேக்காக! திரினிக்காக!" என்று கத்தினான். மறுபடி மணி. அத்தனை தோள்களும் ஒன்றாக அசைந்து, பாதம் பாதமாக நகர்ந்து, வருஷாவருஷம் செய்ததைப் போலவே மாதாவைத் திருப்பின.

வீட்டைப் பார்த்து.

அந்த நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருத்தி போனை உயர்த்திப் படம் எடுத்தாள். இன்னொருவன் மாதாவை நோக்கி ஒயின் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். எங்கள் பக்கம் மாதாவின் பொன் இழை போட்ட மேலாடையின் பின்புறம் மட்டும் இருந்தது.

 திரினி என் மணிக்கட்டை விட்டாள். பிறகுதான்,

"சானோ! யாருக்குடா காட்டுறே?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவளைக் கண்டான். தன் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். "உங்களுக்குத்தான் அண்ணி! உங்க வீட்டுக்குத்தான்!"

"என் வீடா? எங்கடா இருக்கு என் வீடு? அந்த மெத்தையை நீதானேடா தூக்குனே!"

இசைக்குழு நின்றுவிட்டது. தண்டுக்குள்ளிருந்து ஒருவன் முனகினான்: "மணியை அடிக்குறதா இருந்தா சீக்கிரம் அடிங்கப்பா, தோள் போகுது."

"திருப்பு இந்தப் பக்கம்" என்றாள் திரினி.

சானோவின் முகம் வெளுத்தது. அவள் பக்கம் திருப்பினால் மாதா கடலைப் பார்ப்பாள். படகில் ஏறும் முன் மாதா கடலைப் பார்த்துவிட்டால் அந்த வருஷம் ஒரு உயிர் போகும் என்பது சப்பரம் தூக்குகிற எங்கள் ஆட்களின் நம்பிக்கை. திரினிக்கும் அது நன்றாகத் தெரியும். அவள் அப்பாவும் அதை நம்பித்தான் செத்தார்.

"முடியாது அண்ணி. உங்களுக்கே தெரியும். நீங்க இந்தப் பக்கம் வாங்க. உங்க வாசல்ல வந்து நில்லுங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

அப்போதுதான் கோப்பை வைத்திருந்தவன் ஏதோ புரிந்ததுபோல் சிரித்தான். நல்ல பையன்தான், அதில் சந்தேகமில்லை. நாற்காலியை ஒதுக்கி இடம் விட்டான். உள்ளங்கையை விரித்து, வாங்க, வாங்க என்று அவளை அழைத்தான்.

திரினி அவனையே பார்த்தாள். "என் வாசல்ல என்னை வான்னு கூப்பிடுறான்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "பாத்துக்கிட்டீங்களா எல்லாரும்?"

 கொஞ்சப் பேர் தரையைப் பார்த்தார்கள். வக்கீல் கடிதம் வந்தபோதும் அவர்கள் தரையைத்தான் பார்த்தார்கள் என்று அம்மாவழிச் சித்தி எனக்குச் சொல்லியிருந்தாள்.

அவள் மாதாவின் முதுகை ஒரு தடவை பார்த்தாள். தன் முதுகைத் திருப்பினாள். கூட்டம் தானாக வழிவிட்டது. பஸ் நிறுத்தம் வரை நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை அந்த விளம்பரக்காரனுக்கு அனுப்பிவைக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் சானோவைப் பிடித்தேன். மணல் நிரப்பிய பழைய படகில் தீ மூட்டி, மூங்கில் குச்சியில் மத்தி கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாம் அண்ணிக்காகத்தான் செஞ்சோம்" என்றான், நான் வாயைத் திறக்கும் முன்பே. "பதினஞ்சு நாள் பசங்ககிட்டப் பேசி ஒத்துக்க வச்சேன்."

"அவ எங்க நிப்பான்னு ஒருத்தனும் யோசிக்கலையா?"

"அந்த வாசல்ல இல்லாம அண்ணியை நான் பாத்ததே இல்லடி!" குச்சியை மணலில் குத்தினான். "இப்ப நான் என்ன செய்யணுங்கிறே? மாதாவைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறணுமா?"

"ஏறு."

"உப்பு அந்தப் பக்கம் இருக்கு. எடுத்துக் குடுத்துட்டுக் கிளம்பு" என்றான்.

அதற்குப்பின் திரினி எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. போன் செய்தால் டயர் கடைக்காரனோடு சண்டை போட்ட கதை சொல்வாள். மாதாவைப் பற்றி எடுத்தால், "அடுப்புல எண்ணெய் காயுது" என்று வைத்துவிடுவாள். இலையுதிர்காலம் போனது, கீழைக்காற்று போனது. அந்த வாசலுக்கு வாராவாரம் புது முகங்கள் வந்தன. இன்னும் இரண்டு கதவுகளில் சாவிப் பெட்டி ஏறியது. நான் பழைய பொரிப்புக் கடையில், திரினி நின்ற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அடுத்த ஜூலை தொடக்கத்தில், மதிய நெரிசலில், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். திரினியின் குரல் செய்தி. காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் வைத்துக் கேட்கமுடிந்தது:

"ஏய் ஊர்சுத்தி, நான்தான். இவன் வந்திருக்கான், சானோ. நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கான். தண்ணி குடுத்தேன். அதுக்கு மேல ஒண்ணும் குடுக்கமாட்டேன். இந்த வருஷம் அந்த வீட்டு முன்னாடி நிக்கமாட்டாங்களாம். மேல் ரோட்டுல, பஸ் ஸ்டாப்புல நிறுத்துறாங்களாம். நான் இறங்குறப்ப மாதா என்னைப் பாத்து நிக்கணுமாம். பஸ்ஸு எந்தக் காலத்துலடா நேரத்துக்கு வந்திருக்குன்னேன். வர்ற வரைக்கும் தோள்ல வச்சிக்கிட்டு நிப்போம்ங்கிறான். நிக்கட்டும், தோள் கழண்டு விழட்டும். நான் வரேன்னு இன்னும் சொல்லல. ஆனா நீ இப்பவே போய் அந்தப் பசங்ககிட்டச் சொல்லு, பஸ்ஸுல ஏறுறதுதான் முன்கதவு. இறங்குறது நடுக்கதவு. நடுக்கதவுடி! இந்த வருஷமும் தப்பான கதவைப் பாத்துத் திருப்பினானுங்கன்னா, அந்த மணியைப் புடுங்கி இவன் மண்டையிலேயே அடிப்பேன்னு சொல்லு."