அப்பா என் மனைவியின் பேச்சைக் கேட்ட நாள்

போன வருடம், ஆடிக் காற்று பலமாக அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோலார் தங்கவயல், கோரமண்டல் பகுதியில் எங்கள் தெரு சமுதாயக்கூடத்தில் நடந்தது இது.

தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண், எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மலை மாதிரி நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அதனால் என்ன கெடுதல், எப்படித் தற்காத்துக்கொள்வது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஒரு சுகாதாரக் குழு சில பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. என் மனைவியும் போனாள். நான் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். சில மாதங்களில் தெருக்காரர்கள் என்னை நிறுத்தி, "டீச்சரம்மா வீட்டுக்காரர்தானே நீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் டீச்சரும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓயாத இருமல். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி வருடக்கணக்காக அவரோடு சண்டை போட்டுத் தோற்றிருந்தேன்.

அன்றைய கூட்டத்தில் என் மனைவி பேசிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்து அப்பாவே எழுந்தார்.

"ஷாஃப்டுக்குள்ள எறங்கி அவ்ளோ தூசி தின்னோம். அதுல ஆவாதது இந்த மேட்டு மண்ணுல இன்னா ஆயிடப் போவுது?"

கூடம் சிரித்தது. நன்றாக மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். உண்மையைத்தான் சொல்கிறேன்.

அவள் மைக்கை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏற்கெனவே தின்னது போதும் மாமா. இதுவும் எதுக்கு? இவ்ளோ இருமுறீங்க. ஆஸ்பத்திரின்னா உங்களுக்கு இன்னா பயம், அதச் சொல்லுங்க."

அப்பா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "என்கூட ஷிஃப்டு பாத்தவங்க எக்ஸ்ரே படம் எடுக்கப் போனாங்க. அப்படியே படுத்துட்டாங்க. எந்திரிக்கவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூட அவர் இதைச் சொன்னதில்லை. வயிறு எரிந்தது எனக்கு. என் அப்பா, என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

அந்த வாரமே அப்பாவும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். நுரையீரலில் தூசி படிந்திருந்தது. முழுக்கக் குணமாகாது, ஆனால் மருந்தோடும் தூசியில்லாமலும் இருந்தால் மூச்சு சிரமம் குறையும் என்றார் டாக்டர். நான் வேலை முடிந்து வந்தபோது, எக்ஸ்ரேவை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் கேட்டேன். "நா சொன்னப்ப ஏம்பா போகல?"

"நீ போ, போன்னுதாண்டா சொன்ன," என்றார் அப்பா. "அவ வாங்க மாமா, போலாம்னா."

இப்போதெல்லாம் விடுமுறை நாட்களில் நானும் அவளோடு வீடு வீடாகப் போகிறேன். யாராவது முரண்டு பிடித்தால், அறிவுரையை விழுங்கிவிட்டு அவர்கள் பயத்தைக் கேட்கப் பழகியிருக்கிறேன். ஆனாலும் அப்பா தனக்கு மூச்சு வாங்குவதை அவளிடம் மட்டும் சொல்கிறபோது, அந்தப் பழைய பொறாமை நெஞ்சில் சுருக்கென்று குத்துகிறது. கேட்கத் தவறிய வருடங்களுக்கு அது எனக்குத் தேவைதான் என்று இருந்துவிடுகிறேன்.