புள்ள, பை, பால்

வேளாங்கண்ணி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். நூல் சேலைக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். பஸ் நிற்கும்போதெல்லாம் மடியைத் தடவி, "புள்ள, பை, பால்" என்று முணுமுணுத்தார். மடியில் பிள்ளை இல்லை.

"பாரிஸ்ல பழகிப்போச்சுங்க" என்று சிரித்தார். மகள் வீட்டில் ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொண்டாராம். பூமிக்கடியில் ஓடும் ரயிலில் கதவு சட்டென்று மூடிவிடுமாம். மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம்.

எனக்கு வயிறு எரிந்தது. என் மகனும் அதே ஊரில்தான் இருக்கிறான். இரண்டு வயதுப் பேரனைத் தபாலில் வந்த போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். சம்பந்தியம்மாளை இரண்டு தடவை கூப்பிட்டுக்கொண்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

"நானும் அடுத்த மாசம் போறேங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தள்ளுவண்டி லேசானதா வாங்கச் சொல்லுங்க. எங்க பாத்தாலும் படிக்கட்டு. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும், மத்தியானம் புள்ளைய தூங்க வெச்சிருங்க. கஞ்சி மாவு வறுத்து எடுத்துட்டுப் போங்க." நாகப்பட்டினம் தாண்டியும் பேச்சை நிறுத்தவில்லை. நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

கோயிலில் மாதா முன்னால் முழங்கால் போட்டு, பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். எழுந்து திரும்பினால், அவர் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு எம் பேரனுக்கு. இன்னொண்ணு நீங்க நல்லபடியா போய்ச் சேர."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எனக்கு ஏற்றிய மெழுகுவத்தியை அணைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை.