நான் கேட்ட கடிகாரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. வித்துராவில் சித்தி மகளின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாயசம், மோர், காபி என்று கொடுத்ததையெல்லாம் வாங்கிக் குடித்திருந்தேன். வெளியே கிளம்பினால் தண்ணீரைக் கையால் தொடாத ஆள் நான். அன்றைக்குப் புத்தி எங்கே போயிருந்ததோ!

நெடுமங்காடு தாண்டும்போதே அவஸ்தை ஆரம்பித்துவிட்டது. நகரத்துக்குள் நுழைந்ததும் ஏதோ ஊர்வலத்தில் பஸ் மாட்டிக்கொண்டது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரை தாங்காது என்று தெரிந்து பாதியிலேயே இறங்கிவிட்டேன். எதிரே ஒரு மண்டபம். வாசலில் கட்டட வடிவமைப்புக் கண்காட்சி, அனுமதி இலவசம், எல்லோரும் வரலாம் என்று எழுதியிருந்தது. கட்டடக் கலை மேல் எனக்கு என்றுமில்லாத ஆர்வம் பொங்கியது. வாசலில் பேரை எழுதிக்கொண்டு, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். நேராகப் பெண்கள் கழிப்பறைக்கு ஓடினேன்.

கட்டட நிபுணர்கள் கூடிய அந்த இடத்தில் பெண்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை. வெளியே ஆறு பேர் வரிசை. எனக்கு முன்னால் காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்காட்சியில் ஒரு புதுப் பேருந்து நிலையத்தின் மாதிரி இருப்பதாகவும், அதைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தன்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னாள். களியக்காவிளைப் பக்கத்துக்காரி. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு.

நிற்கிற அவஸ்தையில் நான் புலம்பித் தீர்த்தேன். பெண்கள் போய்வர ஒழுங்கான இடமில்லாமல் எத்தனை கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன், டாக்டரிடம் எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள். "சேச்சி, டூட்டி உள்ள அன்னைக்கு நான் மத்தியானம் உச்சை வரைக்கும் ஒரு சொட்டு வெள்ளம் குடிக்க மாட்டேன். பின்னே எங்க போறது?" என்றாள்.

வெளியே வந்ததும் உயிர் திரும்பிய மாதிரி இருந்தது. வந்ததற்கு அந்தப் பேருந்து நிலைய மாதிரியையும் பார்ப்போமே என்று போனேன். பெரிய மேஜை மேல் வெள்ளை அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, கூரை அலை அலையாக அவ்வளவு அழகு. விரல்நுனி அளவுக்குக் குட்டிக் குட்டி மனிதர்கள் வேறு. அதை வடிவமைத்த இளைஞர் கையில் மைக்கோடு நின்று, சுற்றி நின்றவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, சொன்னதை மஞ்சள் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தார். இன்றுதான் கடைசி நாள், சாயந்திரம் வரைபடத்தை முடித்துக் கொடுத்துவிடுவோம் என்றார்.

சட்டென்று மைக்கை என்னிடம் நீட்டினார். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேஜைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆபீஸ் மேனேஜர்! என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிக்கிறார். சுற்றிலும் பாதிக்கு மேல் ஆண்கள். அந்த வார்த்தையை மைக்கில் சொல்வதா? "ஒரு பெரிய கடிகாரம் வச்சா நல்லாருக்கும்" என்றேன்.

சிலர் கைதட்டினார்கள். இளைஞர் 'கடிகாரம்' என்று எழுதி ஒட்டினார். எனக்கே என்னை அறையலாம் போல இருந்தது.

அடுத்து, கூட்டத்தில் நின்றிருந்த அந்தக் கண்டக்டர் மைக்கை வாங்கினாள். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று பளிச்சென்று கேட்டாள். கட்டடத்துக்குப் பின்பக்கத்தை அந்த இளைஞர் காட்டினார். அவள் ஒரு குட்டி மனுஷியை எடுத்து, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடத்திக்கொண்டு போனாள். ஆட்டோ நிற்கிற இடம், ஜெனரேட்டர் அறை, பிறகு ஒரு சந்து, அப்புறம்தான் கழிப்பறை. ராத்திரி எட்டு மணிக்கு இதில் யார் போவார்கள் என்று கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். முகப்பு அழகாக இருக்கட்டும் என்று பின்னால் வைத்தாராம். மூன்று நாளில் வேறு யாருமே அதைப் பற்றிச் சொல்லவில்லையாம். பலகையைக் காட்டினார். பூச்செடி, வைஃபை, டீக்கடை, என்னுடைய கடிகாரம்.

அவள் என் பேரைச் சொல்லவில்லை, கை நீட்டவுமில்லை. ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம்.

போய் மைக்கை வாங்கினேன். "சார், அந்தக் கடிகாரச் சீட்ட எடுத்திருங்க. நான் இந்த எக்ஸிபிஷன் பாக்க வரல. உள்ள ஒரு கழிப்பறை இருக்கும்னுதான் ஏறி வந்தேன். இருட்டின பொறவு அந்தச் சந்து வழியா நான் போமாட்டேன். எம் மகளையும் போவ விடமாட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்து ஒரு கல்லூரிப் பெண் ஒரு சீட்டு கேட்டாள். குழந்தையைத் தூக்கி வைத்திருந்த அம்மா ஒன்று. அப்புறம் யார் யாரோ. அந்த இளைஞர் மாதிரியிலிருந்து கழிப்பறைப் பெட்டியைப் பெயர்த்தெடுத்து, எங்கே வைக்கட்டும் என்று எங்களிடமே கேட்டார். விசாரணைக் கவுண்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள் கண்டக்டர். வைத்தார். வரைபடத்தையும் இன்றே மாற்றிவிடுகிறேன் என்றார். அடுத்த டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

கிளம்பும்போது மேனேஜர் பக்கத்தில் வந்தார். கிண்டல் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். தன் மனைவி பஸ்ஸில் எங்கேயும் வருவதே இல்லை, ஏன் என்று இதுவரை கேட்டதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அவர் கையிலும் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது.

அந்த நிலையம் இன்னும் கட்டப்படவில்லை. எப்போது கட்டுவார்களோ, கட்டினால் எங்கே எதை வைப்பார்களோ, யாருக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தக் கண்டக்டர் கேட்காமல் போயிருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன், மறுநாளும் அந்தப் பழைய புலம்பலையே புலம்பியிருப்பேன். அது இன்றும் உறுத்துகிறது. அதனால் இப்போதெல்லாம் என்ன வேண்டும் என்று யார் கேட்டாலும், எதைச் சொல்லக் கூசுகிறதோ அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.