ஆண்டியப்பன் சேர் பூட்டாத அறை

இதை நம்புங்கள் என்று யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நடந்தது எனக்கு. பேய், முனி என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது ஆரம்பித்தாலே எரிந்து விழுகிறவள் நான். எங்கள் தோட்ட டிவிசனில் முதன்முதலாகக் கம்பஸ் படிப்புக்குப் போனவள். அந்தத் திமிர்தான் என்னை மாட்டிவிட்டது.

டயகம ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை. அங்கே கம்ப்யூட்டர் படிப்பித்தவர் ஆண்டியப்பன் சேர். லயத்தில் பிறந்தவர். கொழுந்து எடுத்த அம்மாவின் சம்பளத்தில் படித்து, அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர். வந்தபோது பாடசாலையில் கம்ப்யூட்டரே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், காட்போட் மட்டையை வெட்டி, எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் பேனையால் எழுதி எங்கள் முன்னால் வைத்தார். "விரல் பழகட்டும். மெசின் வாறப்ப வரட்டும்." மெசின் வந்தபோது கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது எலி ஒயரைத் தின்றிருந்தது. அறுபது வயதில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். பதிலுக்கு ஆள் அனுப்பவில்லை. சேர் சம்பளமில்லாமல் தினமும் வந்து அந்த அறையைத் திறந்தார். எழுபது தாண்டியும் திறந்தார். செத்த அன்று மட்டும் மேலிடத்திலிருந்து மலர்வளையம் உடனே வந்தது.

அவருக்கு ஒரு பழக்கம். வகுப்பு முடிந்தால் ஒவ்வொரு பிள்ளையும் "போயிட்டு வாரேன் சேர்" சொல்ல வேண்டும். ஒன்று சொல்லாமல் ஓடினாலும் அறையைப் பூட்டமாட்டார். சாவியோடு வாசலிலேயே நிற்பார்.

சாவு வீட்டில் அவர் காலடியில் நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் என் வகுப்புத் தோழன் கிஷாந்த். கிளம்பும்போது சத்தமாகவே சொன்னேன்.

"போயிட்டு வாரேன் சேர்."

கிஷாந்தும் சிரித்துக்கொண்டே சொன்னான். "நானும் போயிட்டு வாரேன் சேர்."

தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்த பொன்னையா மாமாவின் கை நின்றது.

"ஏம்மா, கேத வீட்டுல சொல்லிட்டுப் போகக்கூடாதுன்னு தெரியாதா? இதத்தான் கம்பஸ்ல படிச்சியா?"

"அவருகிட்ட சொல்லாம நாங்க போனதே இல்ல மாமா. நீங்க அடிங்க."

பதினாறாம் நாள் கருமாதி. அன்று மாலை கம்ப்யூட்டர் அறையில் நினைவுக் கூட்டம். சேரின் வாழ்க்கையைப் பற்றி நான்தான் பேச வேண்டும். வருகிறவர்கள் உட்காரக் கதிரைகளைச் சரிசெய்ய முன்னதாகவே போனேன். சேரின் மனைவி நாகலெட்சுமி அம்மா சாவியைத் தந்தார். மணி நாலரை. பாடசாலை மைதானம் பனிமூட்டத்தில் தெரியவில்லை.

பூட்டு ஏற்கெனவே திறந்து தொங்கியது.

உள்ளே சத்தம்.

தட்... தட்... தட்...

கம்ப்யூட்டர் சத்தமில்லை. மட்டையில் விரல் படுகிற சத்தம். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்.

முன் வரிசைக் கதிரையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன். கிஷாந்த். முன்னால் பழைய காட்போட் மட்டை. சட்டை நனைந்து சொட்டியது.

"டேய், எப்படா வந்த? தல தொடச்சியா?"

திரும்பவில்லை. "வாரேன்னு சொன்னோம்ல லோஜி. வந்துட்டேன்."

"எழும்பு. கூட்டத்துக்கு ஆள் வரப்போகுது."

"முடியல... நிப்பாட்ட முடியல..."

கையைப் பிடித்து இழுத்தேன். மலைப் பீலியில் கொட்டுகிற தண்ணி மாதிரி சில்லென்றிருந்தது. என் பிடிக்குள்ளேயே விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை.

அவன் அழுதான். சத்தமே இல்லாமல்.

பக்கத்தில் இன்னொரு கதிரை. என் இடம். அதன் முன்னால் இன்னொரு மட்டை.

தைல வாசம் வந்தது. சேர் நெற்றியில் பூசுகிற தைலம்.

என் முதுகுக்குப் பின்னால்... யாரோ... அந்தக் கதிரையை மெதுவாக இழுத்துப் போட்டார்கள்.

எனக்காக.

"லோஜி," என்றான் கிஷாந்த். "ஓடு."

ஓடினேன்.

சேர் வீட்டு வாசலில் போய் விழுந்தேன். கருமாதிக்கு வந்த கூட்டம் அப்படியே உறைந்து நின்றது.

"அம்மா... கிஷாந்த் அங்க... அந்த ரூம்ல..."

நாகலெட்சுமி அம்மா என் முகத்தையே பார்த்தார். "என்ன புள்ள சொல்ற? இப்பத்தான் போன் வந்திச்சு. இங்க வாற வழியில அவன் பைக் வளைவுல சறுக்கி ஆத்துல விழுந்திடுச்சாம். மத்தியானமே முடிஞ்சிருச்சாம்மா."

மறுநாள் ஆட்களோடு போய்ப் பார்த்தோம். மேசையில் இரண்டு மட்டைகள். ஒன்று தண்ணீரில் ஊறிப் பிய்ந்து கிடந்தது. மற்றது காய்ந்திருந்தது. கதிரை இழுத்துப் போட்டபடியே இருந்தது.

அன்றிலிருந்து அந்த அறை பூட்டியபடி நிற்பதில்லை. பூட்டை மாற்றினார்கள். காலையில் புதுப் பூட்டும் திறந்து தொங்கியது.

பொன்னையா மாமாவிடம் போனேன். எதற்கும் அசையாத நான், அவர் முன்னால் கைகட்டி நின்றேன்.

"பரிகாரம் ஏதாச்சும் இருக்கா மாமா?"

தப்பைச் சுவரில் மாட்டிவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல இருந்து வாறப்ப அவருகிட்ட சொல்லிட்டு வந்தியாம்மா?"

இல்லை. சொல்லாமல்தான் ஓடிவந்தேன்.

சொல்லாவிட்டால் சேர் பூட்டமாட்டார். சாவியோடு நின்றுகொண்டே இருப்பார்.

'போயிட்டு வாரேன்' என்று சொன்னால்... கிஷாந்த் மாதிரி நானும் திரும்பிப் போக வேண்டும்.