அஞ்சு வருஷமும் லீலாபாயின் ஆட்டோவும்

என் பெண்டாட்டி லீலாபாய்க்கு ஆட்டோ ஓட்டத் தெரியும் என்று மட்டும் சொன்னால் அது குறைச்சல். கருங்கல் சந்தை நாளில், மீன் கூடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, "ஏலே, வழி விடுங்கலே!" என்று அவள் நுழைந்து போவதைப் பார்க்கவேண்டும். பின்சீட்டில் இருக்கிற எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றும்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன இடத்தில் நான் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட சமயம், வீட்டை ஓட்ட அவள் ஆட்டோ படித்தாள். கால் சரியாகி நான் திரும்ப வேலைக்குப் போனேன். அவள் ஆட்டோவை விடவில்லை. "வீட்டுல உங்க மூஞ்சியப் பாத்துட்டு இருக்கதுக்கு இது எவ்வளவோ கொள்ளாம்" என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சவாரி என்றால் அவளுக்கு உயிர். பிள்ளைகள் வண்டிக்குள் சண்டை போடும். இவளும் கூடச் சேர்ந்து கத்துவாள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். பேரைச் சொல்லக்கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன். நாலாம் கிளாஸ் படித்தபோது சாயங்காலம் அவளை டியூஷன் மாஸ்டர் வீட்டில் இறக்கிவிடவேண்டும். ஒருநாள், "மாமி, இன்னொரு ரவுண்டு போவோமா" என்றது பிள்ளை. மறுநாளும் அதையே கேட்டது. அதற்கடுத்த நாள் இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டது. லீலா ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி நேரே அதன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டாள். அம்மா மடியில் போட்டுக் கேட்டபோது பிள்ளை எல்லாம் சொன்னது. அன்றைக்கே மூன்று பேரும் அதே ஆட்டோவில் மகளிர் காவல் நிலையம் போனார்கள்.

அந்தப் பாவி சில மாதம் உள்ளே கிடந்துவிட்டு ஜாமீனில் வந்தான். பள்ளிக்கூடத்துக்கு வேறு ரோடு கிடையாது, அவன் வீட்டு வாசல் வழியாகத்தான் போகவேண்டும். வாசல் கடக்கிறவரை லீலா ஆரனிலிருந்து கையை எடுக்கமாட்டாள். அவன் வெளியே தலை காட்டியதில்லை. வழக்கை விடச் சொல்லி வந்தவர்களுக்கெல்லாம் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்து, "குடிச்சாச்சா? செரி, கிளம்புங்க" என்று அனுப்பினாள். கோர்ட்டில் சாட்சியும் சொன்னாள்.

பிள்ளை ஆறாம் கிளாஸுக்கு வந்த வருஷம் நாகர்கோவில் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. ஐந்து வருஷம் கடுங்காவல்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தாணப்பன் டீக்கடையில் போய்க் கத்தினேன். "அஞ்சு வருசமா? ஒரு ரப்பர் கண்ணு நட்டா பால் வெட்ட ஏழு வருசம் ஆவும். அதுக்குள்ள இவன் போயிட்டு வந்திருவான்!"

தாணப்பன், "அவனுக்கும் குடும்பம் இருக்கில்லா அண்ணாச்சி" என்று இழுத்தான். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டிலும் விடவில்லை. "தூக்குல போடணும் அவன" என்றேன்.

லீலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "தூக்குன்னா கேஸ் கொடுக்கவே அம்மைமாருக்கு பயம் வந்திரும். கேஸ விடச் சொல்லி ஊரு முழுக்க வந்து காலப் பிடிக்கும். இருவது வருசம் கொடுத்திருந்தா எனக்கும் சந்தோசந்தான். ஆனா நம்ம பேச்ச கேட்டா தீர்ப்பு எழுதுதாங்க? தேங்காயத் துருவுங்க" என்றாள். துருவினேன்.

அந்தச் சமயம் வேறொரு பேச்சும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு நடுவு வலி, குனிந்தால் நிமிர முடியாது. துபாயில் இருக்கிற எங்கள் மகன் ஜெபிஷ், "அம்மா ஓட்டினது போதும், வண்டிய வித்திருங்க" என்று தினமும் போனில் சொன்னான். நானும் ஆமாம் போட்டேன். தக்கலையில் எபிசன் என்று ஒரு பையன் வாங்கத் தயாராக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரப்பர் ஷீட் விற்கக் கருங்கலுக்குப் போக நானும் அவள் வண்டியில் ஏறினேன். மற்ற பிள்ளைகள் இறங்கியாயிற்று. பின்சீட்டில் நானும், ஷீட்டுக் கட்டும், அந்தப் பிள்ளையும்தான். அந்த மாஸ்டர் வீடு பூட்டிக்கிடந்தது. அதைக் கடந்ததும் பிள்ளை விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணியது.

"மாமி, முன்ன உள்ள இருந்த மாசத்தையும் கழிச்சிருவாங்கன்னு அம்ம சொன்னா. அப்ப அவரு திரும்பி வரும்போ நான் பத்தாம் கிளாஸ்தான இருப்பேன்?"

நாங்கள் பெரியவர்கள் இத்தனை நாள் டீக்கடையில் கத்திய கணக்கை இந்தப் பிள்ளை தன் கிளாஸை வைத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஆமா மக்களே, பத்தாம் கிளாஸ்" என்றாள் லீலா. பிள்ளையிடம் அவள் பொய் சொல்லமாட்டாள்.

"அப்பவும் நீங்கதான் ஆட்டோ கொண்டு வருவியளா?"

லீலா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

"வருவேன். நான் எங்க போவப்போறேன்?"

பிள்ளை பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்து, பாதியை ஒடித்து என்னிடம் நீட்டியது. "அப்ப அஞ்சு வருசம் போதும் மாமி" என்றது.

போதாது மக்களே, போதவே போதாது என்று வாய்வரை வந்தது. மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

கருங்கலில் ஷீட்டை இறக்கிய கையோடு எபிசனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்றேன்.

"ஏன் மாமா, வெல காணாதா? வேற ஆளு வந்துதா?" என்றான்.

"வெல இல்லடே. வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு சவாரி இருக்கு."