பின்கதவின் இடது கண்ணாடி

எங்கள் அத்தை கணக்கு டீச்சர். காய்கறிக்காரர் கூட்டி முடிப்பதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவாள். தேர் முடிந்து மயிலாப்பூரே தெருவில் நிற்கிற நேரத்தில்கூட மாட வீதிப் பக்கம் ஒரு கீறல் விழாமல் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு கார்க்கண்ணாடிக்குச் சரியான பாகம் வாங்கத் தெரியாமல் மாம்பலத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் நம்பினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் பழைய காரின் பின்கதவு, இடது பக்கம், கண்ணாடி ஒரு நாள் கதவுக்குள் இறங்கிப் போய் மேலே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அது என் இடம். அப்பா பிளாஸ்டிக் தாளை ஒட்டினார். வண்டி ஓடும்போது அது காதோரம் படபடவென்று அடித்துக்கொண்டது. மகாபலிபுரம் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தவர், கண்ணாடி ஏறினால்தான் பயணம் என்றும் சொல்லிவிட்டார். அதனால் அந்தக் கண்ணாடி விஷயத்தில் வீட்டிலேயே அதிகக் கவலை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுப்பேட்டையில் பழைய பாகம் சல்லிசாகக் கிடைக்கும் என்றார் அப்பா. பழசு ஒரே மாதத்தில் பல்லிளிக்கும், மேற்கு மாம்பலத்தில் ஒரு கடையில் நம்பர் பார்த்துப் புதுசாக வரவழைத்துத் தருகிறார்கள் என்றாள் அத்தை. துணைக்கு என்னை அழைத்துப் போனாள்.

கடைக்காரர் அத்தை வயதுக்காரர். கம்ப்யூட்டரில் எங்கள் கார்க்கதவின் படத்தைப் போட்டார். மிக்ஸியைக் கழற்றிக் கழுவித் தரையில் பரப்பினாற்போல் கதவு முழுவதும் துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்ன எண். அந்த எண்ணைக் கீழே அட்டவணையில் தேடினால் பாகத்தின் நீளமான நம்பர் கிடைக்கும். அதைச் சொல்லித்தான் கம்பெனியிலிருந்து வரவழைக்க வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. அவர் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, மவுஸைக் கையில் கொடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பாகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். நான் தவம் போல் தேடினேன். அவரும் அத்தையும் மேஜையின் அந்தக் கோடியில் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கதவைப் பற்றிப் பேச அவ்வளவு சிரிப்பு எதற்கு என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

வந்து சேர்ந்தது வலது பக்கத்துப் பாகம். அப்பா முறைத்தார். அத்தை அசரவில்லை.

"கோயில்ல நிக்கற மாதிரி எதிர்ல நின்னுண்டு பார்த்தேன் அண்ணா. எனக்கு அது வலது பக்கமாத்தான் தெரிஞ்சுது."

அப்பாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. சுவாமிக்கு இடது பக்கம்தான் அம்பாள், நாம் எதிரே நிற்பதால் நமக்கு வலது போலத் தெரிகிறது, வாகனத்துக்கும் அதே கணக்குத்தான் என்று விளக்கத் தொடங்கிவிட்டார். விளக்கம் முடிந்தபோது தப்பான பாகத்தை எல்லாரும் மறந்திருந்தோம்.

அடுத்து வந்தது முன்கதவுக்கானது. இதற்குச் சுவாமியிடமிருந்து எந்த உதவியும் கிடைக்கவில்லை. தானே கடைக்கு வருவதாகவும், இன்னொரு தடவை தப்பானால் புதுப்பேட்டைதான், அந்தக் கடை வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்றும் அப்பா சொல்லிவிட்டார். அத்தை காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அப்பா கடையில் கைகட்டி நின்றார். கடைக்காரர் படத்தின்மேல் அம்புக்குறியை மிக மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். அத்தை தரையைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, திரையில் விரலை வைத்து, "இதோ, இதான் சார் பின்கதவு. இடது பக்கம். அந்த நம்பர் இங்க இருக்கு" என்று மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன்.

"பாப்பா சொல்றது கரெக்ட்தான் சார்" என்றார் கடைக்காரர். அவர் குரலில் ஏனோ உற்சாகமே இல்லை.

பாகம் வந்தது, பொருந்தியது, கண்ணாடி ஏறியது. அப்பா என் பெருமையைத் தெரு முழுக்கச் சொன்னார். மகாபலிபுரம் போனோம். மாங்காய் சுண்டலைக்கூடத் தொடாமல் அத்தை அந்தக் கண்ணாடி வழியாகவே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி எப்படி ஏறுகிறது என்று ஆசையாகக் கேட்டேன். "ரொம்ப நன்னா ஏறிடுத்துடி கண்ணு" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலையில், வாசலில் நின்ற காரின் அதே பின்கதவுக் கண்ணாடி சுக்குநூறாக உடைந்து கிடந்தது. கண்ணாடி உடைந்தால் ஆகாதே என்று அம்மா பதறினாள். தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களை அப்பா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அத்தை மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சில்லுகளைப் பெருக்கினாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாம்பலம் போகலாம், வரியா? ஆனா இந்தத் தடவை நீ ஒண்ணும் கண்டுபிடிக்காதே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் திறமையில் அத்தைக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன்.

அந்தக் கடைக்காரரை நான் மாமா என்று கூப்பிடத் தொடங்கி எத்தனையோ வருஷங்களாகிவிட்டன. வேறு ஜாதி என்று அப்பா முதலில் முருங்கைமரம் ஏறினார்; இறங்க நாளாயிற்று. இறங்கியபின், கல்யாண மேடையில் பெண் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அம்பாளையே சாட்சிக்கு அழைத்து மாப்பிள்ளைக்கு விளக்கினவரும் அவர்தான்.

கண்ணாடி உடைந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இஞ்சி தட்டுகிற குழவிக்கல்லைக் காணோம் என்று அம்மா அடுக்களையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதைக் காரின் பின்சீட்டில் கண்டெடுத்ததும் நான்தான். கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். காருக்குள் யார் இஞ்சி தட்டியிருப்பார்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.